இரண்டு டஜன் வெள்ளைத் துணி

சேசு மரி சூசை துணை

சூரமங்கலம்,
17-9-58

அன்பு மகள் இன்பமேரிக்கு, உன் சித்தப்பாவும் சூரமங்கலம் ரயில்வே பார்சல் ஆபீசின் மாஜி சக்கரவர்த்தியுமான ஞானதாஸ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன், உன் சித்தி தெரசம்மாள் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறாள், நீயும் மாப்பிள்ளை உபகாரசாமியும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன அதிகாரியும் கரக்பூரில் எப்படி இருக்கிறீர்கள் என்று மறு தபாலில் எழுது. இப்பவும் நீ போன வாரம் போட்ட கடிதம் கிடைத்தது. தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வருவதுதான் முறை, ஆனால் அவ்வளவு தூரம் ரயிலில் குலுங்கிக்கொண்டு போக வேண்டாமென்று அங்கே டாக்டரம்மா சொல்லிவிட்டபடியால் சித்தி நவம்பர் நடுவில் புறப்பட்டு வர வேண்டும், என்றைக்கு வருகிறாள் என்று கேட்டிருக்கிறாய். சித்தி வரமாட்டேன் என்கிறாள். பதறாதே, வயிற்றுப் பிள்ளைக்காரி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே வாசி. உன்மேல் பிரியம் இல்லாமல் அல்ல. உன் நாலாவது வயசில் சவரியாரண்ணனும் அண்ணியும் ஒரே வாரத்தில் காலராவில் போன அன்று உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், நீ கல்யாணமாகி ரயிலேறிய அன்றுதான் இறக்கி விட்டாள். அவளே வரமாட்டேன் என்றால் காரணம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை அப்பா ஸ்தானத்தில் இருக்கிற ஒரு ஆண்பிள்ளை பெண்ணுக்கு எழுதியதாக உலகம் உண்டான நாள் முதல் கேள்வி இல்லை. நீ நர்ஸ் உத்தியோகம் பார்ப்பவள், எல்லாம் கண்டவள், அந்தத் தைரியத்தில் சித்திக்குத் தெரியாமல் கோவில் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பன்னிரண்டு நாளாகியும் எனக்கு அதிர்ச்சி தீரவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

வைகாசியிலிருந்தே அவள் போக்கு சரியில்லை. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஒரு நெருப்பு ஏறுகிறது என்பாள், முகம் செக்கச் சிவந்துபோகும், ஐந்து நிமிஷத்தில் முந்தானையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அந்த வேர்வையைத் திருப்பிவிட்டால் மேட்டூர் அணைக்கு இன்னும் நாலு மதகு கட்ட வேண்டியிருக்கும். அடுத்த ஐந்து நிமிஷத்தில் குளிருகிறது என்று போர்வை கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின்போது செபப்புத்தகத்தால் படபடவென்று விசிறிக்கொண்டிருந்தாள், சாமியாரே பேச்சை நிறுத்திவிட்டு எங்கே புறா பறக்கிறது என்று கூரையைப் பார்த்தார். தூக்கம் சரியாகக் கிடையாது. ரசத்தில் உப்பு ஒரு கல் குறைச்சல் என்று நான் பணிவோடு விண்ணப்பித்ததற்குக் கரண்டி பறந்து வந்து உன் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை முகத்துக்கு நேரே கண்ணாடி விரிசல் விட்டது (அவரிடம் சொல்லாதே), பிறகு அதே கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதாள். இதற்கெல்லாம் மேல் ஒன்று. முப்பது வருஷம் பார்சல் ஆபீசில் இருந்தவனுக்கு வர வேண்டிய உருப்படி வரவில்லை என்றால் கண்ணில் உறுத்தும். மாதாமாதம் கொல்லைப்புறக் கொடியில் புடவைக்கு அடியில் ஒளிந்து காய்கிற துணிகள் ஆனியில் இல்லை, ஆடியில் இல்லை, ஆவணியிலும் இல்லை. மயக்கம், வேர்வை, கோபம், அழுகை, அதோடு மூன்று மாசமாய் அதுவும் இல்லை. நான் என்ன நினைத்திருப்பேன், நீயே சொல். உன் சித்தி உண்டாகியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

சிரிக்காதே. அவளுக்கு நாற்பத்தாறு, எனக்கு ஐம்பத்தாறு, பென்ஷன் வாங்குகிறவன் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. கல்யாணமான மறுவருஷம் நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போய் மாதாவிடம் ஒரு மனுப் போட்டோம், ஒரு பிள்ளை கொடு தாயே, அதற்குக் கட்டப்போகிற முதல் துணியை உன் காலடியில் வைத்து எடுத்துப்போகிறோம் என்று. நாலு வருஷம் காத்திருந்தோம், அப்புறம் நீ வந்தாய், மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டோம், அதன் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. ஆனால் மாதா ஆபீசில் பழைய பைலைத் தூக்கிப்போடுகிற வழக்கம் இல்லை போலிருக்கிறது, இருபத்தாறு வருஷம் கழித்து உத்தரவாகிவிட்டது என்றே நான் முடிவு கட்டினேன். அவளிடம் வாய் திறக்கவில்லை, சொன்னால் கலைந்துபோகுமோ என்று ஒரு பயம். அன்று முதல் தண்ணீர்க்குடம் நான்தான் தூக்கினேன், தெருக்குழாயில் பெண்களுக்கு நடுவில் நின்று, அவர்கள் சிரிக்க, நான் மாதா பாட்டைப் பாடிக்கொண்டே. செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்துபோய் மாங்காய் கொண்டுவந்தேன், மாதுளம்பழம் கொண்டுவந்தேன். சித்தி என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். என் பழைய மல் வேஷ்டிகள் இரண்டை எடுத்து, அவள் கடைக்குப் போயிருக்கும்போது கிழித்து, ஒரு சாண் ஒரு சாணாக மடித்து இரண்டு டஜன் துணி தயார் செய்து டிரங்குப் பெட்டி அடியில் ஒளித்து வைத்தேன். பழைய பஞ்சுமாதிரித் துணிதான் பிள்ளைக்கு ஆகும் என்று எனக்கும் தெரியுமே. இந்தத் திருநாளுக்கு வேளாங்கண்ணி போய் அதை மாதா காலடியில் வைத்து, அங்கே வைத்துத்தான் தெரசிடம் சொல்வதாக என் திட்டம். ரயில் பாஸை உன் ஊருக்கென்று வைத்திருப்பதால் திருச்சி வரை பஸ், அங்கிருந்து ரயில்.

அம்மா, செப்டம்பர் ஐந்தாம் தேதி நான் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன் கேள், இந்த வயசுப் பெண்பிள்ளையை எப்படிப் பிரயாணம் அழைத்துப் போகக்கூடாது என்று சர்க்கார் ஒரு புஸ்தகம் போட்டால் என்னைத்தான் எழுதச் சொல்ல வேண்டும். காலை ஏழு மணி பஸ்ஸை விட்டுவிட்டுக் கர்ப்பஸ்திரீ நன்றாகத் தூங்கட்டும் என்று பத்தரை மணி பஸ் பிடித்தேன். மாதா திருநாள் என்று அவள் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டவைத்தேன், அது பதினாறு முழக் கம்பளி மாதிரி. தெம்பாக இருக்கட்டும் என்று காப்பி கிளப்பில் மிளகுக் கறியும் இட்லியும் வாங்கிக்கொடுத்து மேலே இரண்டு காப்பி ஊற்றினேன். குலுக்கல் இருக்கக்கூடாது என்று கண்டக்டர் தங்கமுத்துவிடம் கெஞ்சி முன்னால் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டைப் பிடித்து, மகாராணியைச் சிங்காசனத்தில் வைப்பதுபோல் வைத்தேன். அது சிங்காசனம் இல்லை, முறுக்குச் சுடுகிற அடுப்பு. மல்லூர் தாண்டுவதற்குள் அவள் முகம் மிளகாய்ப்பழம் ஆகிவிட்டது. தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். கூஜாவை நான் பஸ் மேலே மூட்டைகளோடு போட்டிருந்தேன். ராசிபுரத்தில் இறங்கிக் கொஞ்சம் நிற்கிறேன் என்றாள், இந்தச் சமயத்தில் ஏறி இறங்கக்கூடாது என்று நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள், சுற்றிலும் ஆண்கள், சொல்லாமல் விட்டுவிட்டாள்.

புதுச்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. தெரசம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்தாள், குனிந்து பார்த்தாள், நானும் பார்த்தேன். சீட்டெல்லாம் ரத்தம், அம்மா. பட்டுப்புடவை நனைந்து காலடியில் சொட்டுகிறது. என்மேல் கொல்லிமலையே பெயர்ந்து விழுந்திருந்தாலும் நான் அப்படி ஆகியிருக்கமாட்டேன். ராசிபுரத்தில் நெய்ப்பானையோடு ஏறிய சின்னாயி என்கிற ஒரு கவுண்டர் வீட்டம்மாள் பின் சீட்டில் இருந்தாள், ஐம்பத்திரண்டு ஐம்பத்து மூன்று வயசு இருக்கும். எட்டிப் பார்த்தாள். ஒரு நொடி யோசிக்கவில்லை, பானையை என் மடியில் வைத்தாள், ஏய் தங்கமுத்து வண்டிய நிறுத்தச் சொல்லு என்று சத்தம் போட்டாள். அவன் நாமக்கல்லுக்கு நேரமாச்சு ஆத்தா, டைம் கீப்பர் திட்டுவாரு என்று இழுத்தான். ஏண்டா, உன்ற ஆத்தாளுக்கு இது வராமயாடா நீ பொறந்தே, அந்த டைம் கீப்பரு மட்டும் மானத்துல இருந்தா குதிச்சான், நிறுத்துடா என்று அவள் போட்ட போட்டில் டிரைவர் தானாகவே பிரேக் போட்டுவிட்டார். ஆம்பளைங்க எல்லாம் எறங்கி அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க சாமி என்றாள். நம்பினால் நம்பு, இருபத்தெட்டு ஆண்கள், ஒருவன் முணுமுணுக்கவில்லை, டிரைவர் உள்பட வரிசையாக ரோட்டோரம் நின்று, இன்றைக்குத்தான் முளைத்தது போலக் கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் மூன்று பெண்கள் புடவைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு சித்தியை ரோட்டோரக் கிணற்றுப் பக்கம் நடத்திப்போனார்கள்.

சின்னாயி திரும்பி வந்து ஏனுங்க, பொட்டியில பழந்துணி ஏதாச்சும் இருக்குதுங்களா என்று என்னைக் கேட்டாள். நான் நெய்ப்பானையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அவளே சீட்டுக்கு அடியிலிருந்து டிரங்கை இழுத்துத் திறந்தாள், மேலே இருந்ததைத் தள்ளினாள், அடியில் வெள்ளை வெளேரென்று இரண்டு டஜன் துணி. அள்ளி எடுத்து அப்படியே என்னைப் பார்த்தாள். பொண்டாட்டிக்கு வேணுமின்னு இத்தன நெனப்பா மடிச்சுக் கொண்டாந்த ஆம்பளைய என்ற ஆயுசுல இன்னைக்குத்தானுங்க பாக்கறேன், என்ற ஊட்டுக்காரரு இருந்தாரு, நான் சுருண்டு கெடந்தாலும் மாட்டுக்குத் தண்ணி காட்டினியாம்பாரு என்று சொல்லி, அங்கே நின்ற பெண்களிடமும் சொல்ல, அத்தனை பேரும் என்னை ஒரு புண்ணியவானைப் போலப் பார்த்தார்கள். சேலம் ஜில்லாவிலேயே உத்தமக் கணவன் என்ற பட்டம் எனக்கு அந்த இடத்தில் கிடைத்தது, நான் அங்கே நின்று என் பிள்ளை போய்விட்டது என்று அழுதுகொண்டிருந்தேன். பயப்படாதீங்க என்றாள். குழந்தை, குழந்தை என்று இரண்டு தரம் சொன்னேன். எந்தக் கொழந்தைங்க என்றாள். அந்தத் துணியைக் காட்டினேன். அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அத்தனை சத்தம் போட்டவள் குரலைத் தாழ்த்தி, கொழந்தையெல்லாம் இல்லீங்க சாமி, இது நிக்கப்போற காலமுங்க, எனக்கும் இப்புடித்தான், ரெண்டு மாசம் மூணு மாசம் ஆளையே காணாது, முடிஞ்சுதுன்னு நெனச்சா ஒரு நாளைக்கு மொத்தமா வந்து நிக்கும், ரெண்டு மூணு வருசம் ஆட்டம் காட்டிப்போட்டுத்தான் போகும், அக்காவுக்கு மேலெல்லாம் காந்தலா எரியறது உங்களுக்குத் தெரியாதுங்களா என்றாள். தெரியும் அம்மா, எல்லாம் தெரியும், மூன்று மாசமாக ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருந்தேன், கூட்டிப் பார்த்ததில்தான் வேறு விடை வந்துவிட்டது. இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், ரோட்டில் வந்த ஒரு நெய்க்காரம்மாள் சொல்லித்தான் எனக்கு என் பெண்டாட்டி உடம்பு தெரிகிறது. இந்த அதிர்ச்சி ரத்தத்தைப் பார்த்த அதிர்ச்சியைவிடப் பெரிது.

வேளாங்கண்ணி போகவில்லை. எதிர்ப் பஸ்ஸில் சேலத்துக்குத் திரும்பினோம். சின்னாயி எங்களை ஏற்றிவிட்டுத்தான் போனாள், பஸ்ஸுக்கு நடுவில் ஜன்னல் ஓரமாய் உட்காரவைத்து, ஈரத்துண்டைப் பிடரியில் போட்டு, காப்பியும் காரமும் இந்தச் சமயத்தில் சூட்டைக் கிளப்பும், நீர்மோர் குடி அக்கா, கறுப்பா ஒரு நூல் சேலை எப்பவும் பையில வெச்சுக்கோ, அப்புறம் ரத்தம் நிக்காமப் போனா டாக்டரம்மாகிட்டக் காட்டோணும், சும்மா இருந்துராதே என்று சொல்லிவிட்டு நெய்ப்பானையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மீதித் துணிகளைச் சித்தி மடியில் வைத்திருந்தாள். கேட்பாள், கேட்பாள் என்று நான் நடுங்கிக்கொண்டே வந்தேன். மல்லூரில்தான் வாய் திறந்தாள். மாங்காய் வாங்கிட்டு வந்தீங்களே, அன்னைக்கே தெரியும் என்றாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றேன். தண்ணி எடுக்க ஒரு ஆளு கெடச்சுது, எதுக்குச் சொல்லோணும் என்றாள். நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. சீலநாயக்கன்பட்டி வந்தது, அங்கே வந்து, பாடிக்கிட்டே தண்ணி எடுத்தீங்க, இன்னும் ஒரு மாசம் பாடட்டும்னு இருந்தேன் என்றாள்.

இங்கே லேடி டாக்டரிடம் மறுநாளே காட்டினோம். சோதித்துப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை, இந்த வயசில் எல்லோருக்கும் வருகிறதுதான், ரத்தம் குறைச்சலாக இருக்கிறது என்று இரும்பு டானிக் கொடுத்து, மறுபடி அப்படி ஆனால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். பிரயாணம் போகலாமா என்று கேட்டேன், தாராளமாகப் போகலாம் என்றார்கள். ஆனால் இவள் போகமாட்டாளாம். ஒரு மணி நேரப் பஸ்ஸிலேயே என் மானம் போச்சு, ரெண்டு நாள் ரயில்ல நாலு பேர் முன்னாடி மறுபடியும் அப்படி ஆனா நான் உயிரோட இருக்கமாட்டேன், அவளுக்கு எழுதிப் போட்டுருங்க, அங்கேயே யாராவது பார்த்துக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு உன் குழந்தைக்குப் பின்னுகிற தொப்பியை எடுத்து மூலையில் உட்கார்ந்துகொண்டாள், தொப்பி அளவைப் பார்த்தால் எனக்கே பெரிதாக இருக்கும், வேர்க்கும்போதெல்லாம் எண்ணிக்கை தப்பிவிடுகிறது. ஆகையால் என் திட்டத்தைக் கேள். மெட்ராஸுக்கு விடியற்காலை வண்டி, பெரம்பூரில் உன் அத்தை ஞானமேரி வீட்டில் ஒரு நாள் முழுக்கப் படுத்து எழுந்து, அப்புறம்தான் ஹௌரா மெயில். பெண்கள் பெட்டியில் கக்கூஸுக்குப் பக்கத்தில் ஜன்னல் சீட், அடுத்த பெட்டியில் நான் காவல், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கூஜாவோடு ஓடி வருவேன். பட்டு என்ற பேச்சே கிடையாது. இவ்வளவும் நான் சொன்னால் காதில் ஏறாது. நீ நர்ஸ், நீ அவளுக்குத் தனியாக ஒரு வரி எழுது, நீ வந்தால்தான் எனக்கு என்று

மேலே உள்ள வரியை முடிக்கவில்லை. இன்று 19-ஆம் தேதி. நடந்தது என்னவென்றால், கடிதத்தைச் செபப்புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தேன், நேற்றுப் பூசைக்குப் போகிற வேகத்தில் சித்தி என் புத்தகத்தை எடுத்துப்போய்விட்டாள். கோவிலில் எத்தனாவது பக்கத்தைத் திறந்தாளோ தெரியாது. வீட்டுக்கு வந்து நின்ற நிலையைப் பார்த்தால் பஸ்ஸில் எனக்கு ஆன அதிர்ச்சி அத்தனையும் வட்டியோடு அவளுக்கு ஆகியிருந்தது. ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு எழுதுற எழுத்தா இது, கொடி வரைக்கும் எழுதியிருக்கீங்களே, வெக்கம் மானம் இருக்குதா என்றாள். இல்லை என்று ஒப்புக்கொண்டேன். உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள், கடிதத்தில் நாங்கள் திரும்பி வருகிற மல்லூர் வந்ததும் அந்த வரியிலேயே விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தாள். அப்புறம் பெருமூச்சு விட்டு, வெக்கத்தை நீங்களே விட்டுட்டீங்க, நான் மட்டும் அதை மூட்டை கட்டி வெச்சு என்ன செய்யப்போறேன் என்று எழுந்து உள்ளே போனாள்.

இன்று காலை கொல்லைப்புறம் போனேன். அம்மா, கொடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெள்ளைத் துணி, வெந்நீரில் போட்டு அலசி நீலம் போட்டு, மேலே புடவை மூடாமல், சூரியனுக்கு நேராகப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சித்தி அடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆறு எடுத்தோம், மீதி பதினெட்டு என்றேன். ஆறு இல்ல, ஏழு, கணக்குத் தெரியாதவரெல்லாம் பார்சல் ஆபீஸ் பார்த்தீங்களாக்கும் என்றாள். அந்த ஏழும் எனக்கு, பெட்டியில மேலாக இருக்கட்டும், கைதொட்டா எடுக்கற மாதிரி, மிச்சம் பதினேழும் அவ பிள்ளைக்கு, போற வழியில மாதா காலடி இல்லேன்னா பரவாயில்ல, அவ வீட்டு மாதா படத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வெச்சு எடுத்துக்கலாம் என்றாள். வேண்டுதல் அப்படித்தானே, பிள்ளைக்குக் கட்டுகிற முதல் துணி என்றுதானே சொன்னோம், யார் பெற்ற பிள்ளை என்று மனுவில் எழுதவில்லையே என்றாள். இது இந்த மாசத்து மூன்றாவது அதிர்ச்சி, ஆனால் இதை நான் எத்தனை தரம் வேண்டுமானாலும் தாங்குவேன்.

நவம்பர் பதினான்காம் தேதி புறப்படுகிறோம், பதினெட்டாம் தேதி அங்கே இருப்போம். ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு டின் வருகிறது. மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல், வரும்போது ஒரு விசிறியும் குளிர்ந்த தண்ணீரும் கையில் இருக்கட்டும், மாலையெல்லாம் வேண்டாம். நீ மேல்படி ஏறி இறங்காதே, கீரை சாப்பிடு, கனம் தூக்காதே, தண்ணீர்க்குடம் மாப்பிள்ளை தூக்கட்டும், பாட்டுத் தெரியாவிட்டால் நான் வந்து சொல்லித்தருகிறேன். ஆரோக்கியமாதா உனக்குச் சுகப்பிரசவம் தந்து தாயையும் பிள்ளையையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். முக்கியமாக ஒன்று, பதில் எழுதும்போது மேல்விலாசம் சித்தி பேருக்கு எழுது, உள்ளே மாங்காயைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது.

இப்படிக்கு,
கூஜா தூக்க உத்தரவு பெற்ற உன் சித்தப்பா,
அ. ஞானதாஸ்